அசரீரியைப் பழுதுபார்த்தவன்

கல்யாண வாத்தியக் குழுக்களுக்கும்
பேட்டைத் தேவாலயத்துக்கும்
ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்த என்னை
லீமாவில் ஒரு சிறைக்குள் கூட்டிப்போனார்கள்.
வேலை சின்னது.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர் பேசினால்
இந்தப்பக்கம் அது யாருடைய குரலாகவும் கேட்கக் கூடாது.

நீதிபதிகளுக்கு அப்போது முகமில்லை.
பெயருக்குப் பதில் எண்.
தீர்ப்பின் அடியில் எண்தான் கையெழுத்து.
முகம் இருந்த ஒரு நீதிபதியை
முந்தைய ஆண்டு
பால் வாங்கப் போன தெருவில் சுட்டிருந்தார்கள்.

அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு வருத்தமில்லை.
தங்கை புருஷன் விக்தோரினோ வங்கி வாசல் காவலாளி.
கார் வெடித்த இரவுக்குப் பிறகு
அவன் பெல்ட்டின் கொக்கி மட்டும் வீடு வந்தது.
உப்பு ஜாடிக்குள் வைத்திருக்கிறாள்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஆகவே பெட்டியை நன்றாகவே செய்தேன்.
கட்டைக் குரலை உயர்த்தி, கீச்சுக் குரலைத் தாழ்த்தி
எல்லாவற்றையும்
கிணற்றில் விழுந்த தகரமாக்கினேன்.
எனக்குள் ஒரு பெருமைகூட:
அசரீரிக்குத் தொண்டை கொடுத்தவன் நான்.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை
எமிலியானா பலோமினோவைக் கொண்டுவந்தார்கள்.
அயகூச்சோ மலைப்பக்கம். ரொட்டி சுடுகிறவள்.
துப்பாக்கிக்காரர்களுக்கு
மூன்று மூட்டை மாவைச் சுட்டுக்கொடுத்தாள் என்று வழக்கு.
கொடுத்தாளா, பிடுங்கினார்களா?
பார்த்தது யார்?
வக்கீல் கேட்டார்.
"அந்தக் கேள்விக்கு இடமில்லை" என்றது பெட்டி.
எந்தத் தேதி என்றாவது?
"அந்தக் கேள்விக்கு இடமில்லை."
வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி.
தன்மேல் குற்றம் சொல்கிறவரைத் தேடி
நிமிரும்போதெல்லாம் அவளே தெரிந்தாள்.
ஒருமுறை, பழக்கதோஷம்,
நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

தீர்ப்பு.
"இருபது" என்றது தகரம்.
உள்ளே ஏதோ பற்று விட்டிருக்க வேண்டும்.
"ஆண்டுகள்" என்ற சொல்
மனிதக் குரலில் வந்தது.
மூக்கடைத்த, களைத்த, ஐம்பது வயதுக் குரல்.
எகரத்தை இகரமாக்கும் மலைப்பேச்சு,
அவள் ஊர்ப் பேச்சு.

காவலர் என்னைப் பார்த்தார்.
அவள் கண்ணாடியை நெருங்கி
தன் முகத்திடமே சொன்னாள்:
"ஐயா, சளி நெஞ்சில் இறங்கிவிட்டது.
முன்யா இலையைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.
இரவில். சூடாக."

அந்தப்பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
பதில் சொல்ல வாயெடுத்தாரோ என்னவோ,
மூச்சு மட்டும் வந்தது.

சரிசெய் என்றார்கள்.
பத்து நிமிடம், ஒரு சொட்டு ஈயம்.
கை நடுங்கவில்லை.
இப்போது உறுத்துவது அதுதான்.
மிச்சத்தைத் தகரம் வாசித்து முடித்தது.

அவள் செய்தாளா என்று கேட்கிறார்கள்.
எனக்குத் தெரியாது.
தெரிந்துகொள்வதற்காக அந்த அறையைக் கட்டவில்லை.

தங்கையிடம் சொன்னேன்.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள்
கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்:
"அவருக்காக ஐந்து பேரை உள்ளே போட்டார்களே,
அதில் ஒருத்தனாவது சரியான ஆளா?"
அவள் எதிரே நான்தான் இருந்தேன்.
கேட்டது என்னிடமில்லை.

நான்கு ஆண்டு கழித்துச் சட்டம் போனது.
கண்ணாடியை இறக்கினார்கள்.
பின்னால் மூன்று நாற்காலி, கோட்டு மாட்ட ஓர் ஆணி,
யாரோ மறந்த பிளாஸ்க்.
திறந்து பார்த்தேன். அடியில் காய்ந்த இலை.
முன்யாவா, வெறும் தேயிலையா,
முகர்ந்தால் துரு வாடைதான்.

பெட்டியைக் கழற்றி ஒப்படைத்தேன்.
ரசீதில் கையெழுத்துக் கேட்டேன்.
அதிகாரி பேனாவைத் தேடியெடுத்து
நிறுத்தி நிதானமாக
தன் முழுப்பெயரையும் எழுதினார்.